செம்மையும் மஞ்சளும்

(மன்றத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக் கூடும். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் சில மரங்கள் மட்டும் திடீரெனத் தாமிர நிறத்தில் தளிர்த்து நிற்கும். மாந்தளிர் மேனி என்ற மரபுத் தொடர் அந்நிறத்திலிருந்து பிறந்தது. தளிர் ஏன் சிவக்கிறது, அச்சிவப்பு எங்கிருந்து வருகிறது, பின் எங்கே போகிறது என்று கேட்பது கவிதையின் வேலை அன்று என்று சிலர் கருதலாம். ஆயினும் நிறத்தை உவமையாக ஆண்ட புலவர்கள் அதனைக் கூர்ந்து நோக்கியே ஆண்டனர். அந்நோக்கை இன்றைய அறிவியல் எந்த அளவுக்கு உறுதி செய்கிறது, எங்கே வேறுபடுகிறது, இதனால் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் கண்ணுக்கும் உயிருக்கும் என்ன தொடர்பு என்பனவே இவ்வுரையின் பொருள்.

சொல்லும் பொருளும்

தமிழில் செம்மை என்பது நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். செங்கோல், செந்தமிழ் என்பவற்றில் வருவது நிறம் அன்று. நிறத்தைக் குறிக்கும்போதும் அச்சொல்லின் எல்லை மிக விரிந்தது. செங்குருதி சிவப்பு, செம்பொன் மஞ்சள், செவ்விளநீர் இரண்டிற்கும் இடைப்பட்டது. மஞ்சள் நிறப் பூவுக்குச் செவ்வந்தி என்று பெயர். முற்றிப் பழுக்கத் தொடங்கிய காயைச் செங்காய் என்பர். அது மஞ்சளாகவே இருப்பினும் அப்பெயர் பொருந்தும். மஞ்சள் என்ற சொல்லோ ஒரு கிழங்கின் பெயரும் ஆகும். ஆகவே சிவப்பும் மஞ்சளும் தனித்தனி இனங்கள் என்று தமிழ் மரபு கோடு கிழிக்கவில்லை.

வேதியியலும் ஏறத்தாழ இதனையே சொல்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றையும் தரும் ஒரே குடும்பம் ஒன்று உண்டு. அதற்குக் கரோட்டினாய்டு என்று பெயர். 1831-இல் வாக்கன்ரோடர் என்பவர் காரட் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த நிறமியே இக்குடும்பத்திற்குப் பெயர் தந்தது. 1837-இல் பெர்சீலியசு உதிர்காலத்து இலைகளின் மஞ்சள் நிறமிக்குச் சாந்தோஃபில் என்று பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய நாட்டுத் தாவரவியலாளர் சுவெட், இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே ஒழுகவிட்டு, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதைக் காட்டினார். இன்று உலகெங்கும் ஆய்வுக் கூடங்களில் பயன்படும் வண்ணப்பிரிகை முறை இவ்வாறு இலையின் நிறத்தைத் தேடியபோது பிறந்ததாகும்.

இயற்கையில் இதுவரை அறியப்பட்ட கரோட்டினாய்டுகள் 1,100-க்கும் மேற்பட்டவை. இவற்றுள் பெரும்பாலானவற்றின் மூலக்கூறு 40 கரி அணுக்களால் ஆன நீண்ட சங்கிலி. அச்சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். இவ்வாறு மாறி வரும் தொடர் குறுகியதாக இருந்தால் நிறமே தோன்றாது. தொடர் நீள நீள, மூலக்கூறு நீல ஒளியை விழுங்கத் தொடங்கும். எஞ்சிய ஒளி மஞ்சளாகவும், மேலும் நீண்டால் சிவப்பாகவும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று குடும்பங்கள்

எல்லாச் சிவப்பும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. இவற்றைப் பிரித்தறியச் சமையலறையே போதும். மீன்குழம்பு கொதித்து அடங்கியபின் மேலே மிதக்கும் எண்ணெய் சிவந்திருக்கும். அடியில் உள்ள நீர்ப்பகுதிக்கு அந்த அளவு சிவப்பு இராது. மிளகாயின் சிவப்பாகிய காப்சாந்தின் ஒரு கரோட்டினாய்டு. அது எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. தக்காளியின் சிவப்பாகிய லைக்கோபீனும் அத்தகையதே. மாறாக, செம்பருத்தி இதழைச் சுடுநீரில் இட்டால் நீரே சிவக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது பளிச்சென்று ஒளிரும். சோடா உப்பு இட்டால் பச்சை கலந்து மங்கும். இது ஆந்தோசயனின் என்னும் இரண்டாம் குடும்பம். நாவற்பழம் தின்ற நாக்கின் நிறமும், மாந்தளிரின் சிவப்பும், மாதுளம்பூவின் செம்மையும் இக்குடும்பத்தன.

மூன்றாவது குடும்பம் பீட்டாலைன். சிவப்புத் தண்டுக்கீரை, பீட்ரூட், வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ, கரிசல் காட்டு வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றின் நிறம் இது. ஆந்தோசயனினும் பீட்டாலைனும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. சில தாவரக் குடும்பங்கள் ஒன்றைக் கைவிட்டு மற்றதைக் கைக்கொண்டதற்குக் காரணம் என்ன என்பது தாவரவியலாளரை இன்றும் சிந்திக்க வைக்கும் வினா.

பழைய உவமைகள் இந்த ஒளியில் புதுப்பொருள் பெறுகின்றன. இதழுக்குக் கோவைப்பழமும் மேனிக்கு மாந்தளிரும் உவமை. இரண்டும் செம்மை என்ற ஒரு சொல்லில் அடங்கினும் அவை வேறு வேறு சிவப்புகள். கோவைப்பழத்தின் சிவப்பு தக்காளியின் சிவப்பாகிய லைக்கோபீன். அது முதிர்ச்சியின் நிறம். விதை முற்றியபின் பறவையை அழைக்கும் நிறம். மாந்தளிரின் சிவப்போ இளமையின் நிறம். பச்சையம் நிறைவதற்கு முன் வெயிலின் கடுமையிலிருந்து இளம் இலையைக் காக்கும் திரை என்று ஆய்வாளர் கருதுவர். இலை முதிர்ந்து பச்சையம் நிறைந்ததும் அத்திரை விலகிவிடும். முதிர்ச்சியின் சிவப்பை முத்தத்திற்குரிய இதழுக்கும், நிலையாத இளமையின் சிவப்பை மேனிக்கும் வைத்த மரபு, வேதியியல் அறியாமலேயே நிறத்தின் தன்மையை அறிந்திருந்தது எனலாம்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. மிளகாய், தக்காளி, பப்பாளி, செண்டுமல்லி, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. போர்த்துகீசியர் முதலிய ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டில் வேரூன்றியவை. மிளகைப் போன்று காரம் உடைய காய் என்பதாலேயே அதற்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. ஆகவே சங்கப் புலவர் கண்ட சமையலில் சிவந்த குழம்பு இல்லை. அவர்களின் சிவப்பு காட்டிலும் மலையிலும் இருந்தது: காந்தள், முருக்கு, இலவம், குன்றிமணி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நிரல்படுத்தும் 99 பூக்களின் வரிசை செங்காந்தளிலேயே தொடங்குகிறது என்பது யாவரும் அறிந்ததே. அக்காந்தளே இன்று தமிழ்நாட்டின் மாநில மலர்.

பழுத்தல் என்னும் வினை

தமிழ் இலையையும் பழுக்கிறது என்கிறது. காயையும் பழுக்கிறது என்கிறது. இரண்டிலும் பச்சை நீங்கி மஞ்சளோ சிவப்போ தோன்றுவதே காரணம். எனினும் உள்ளே நிகழ்வது ஒன்றன்று.

பச்சை இலை ஒவ்வொன்றிலும் மஞ்சள் மறைந்திருக்கிறது. பச்சையத்தின் அருகிலேயே லூட்டினும் பீட்டா கரோட்டினும் இருந்து, ஒளியை வாங்கித் தருவதோடு மிகையான ஒளியால் வரும் கேட்டையும் தாங்கிக் கொள்கின்றன. இந்நிறமிகளை ஆக்கும் திறனை இழந்த செடி, வெயில் பட்டதும் வெளுத்து மடிகிறது. இலை முதுமையுறும்போது பச்சையம் சிதைகிறது. தழைச்சத்து மரத்திற்குத் திரும்புகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. வேப்பிலை பழுத்து உதிர்வது இவ்வாறே. அங்கே புதிதாக ஏதும் சேர்வதில்லை. மூடியிருந்தது விலகுகிறது, அவ்வளவே.

காய் பழுப்பது இதற்கு மாறானது. அங்கே பச்சையம் நீங்குவதோடு, பசுங்கணிகங்கள் வண்ணக்கணிகங்களாக உருமாறிப் புதிய கரோட்டினாய்டுகளை மிகுதியாக ஆக்குகின்றன. இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தின் சதை பொன்னிறம் அடைவது புதிய ஆக்கம். ஆகவே பழுத்த இலை வெளிப்பாடு. பழுத்த கனி படைப்பு. முதுமையைப் பாட வரும் கவிஞருக்கு, பழுத்தவர் என்ற ஒரே சொல்லில் இவ்விரு பொருளும் கிடைக்கின்றன. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்தது என்னும் பழமொழியிலும் ஒரு நயம் உண்டு: ஒளி படாத குருத்தோலையின் நிறமும் இளமஞ்சளே. பச்சையம் இன்னும் வராததால் ஒன்று மஞ்சள். வந்து போனதால் மற்றது மஞ்சள்.

கிளியும் மின்சிட்டும்

இனி விலங்குகளின் நிலை. தாவரங்களும் பூஞ்சைகளும் சில நுண்ணுயிர்களும் கரோட்டினாய்டுகளை ஆக்கவல்லவை. விலங்குகளுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அத்திறன் இல்லை. 2010-இல் அசுவினிப் பூச்சி ஒன்று தானே இந்நிறமியை ஆக்குவது கண்டறியப்பட்டபோது, அதற்குரிய மரபணுக்கள் பூஞ்சையிலிருந்து பெற்றவை என்பது தெரியவந்தது. ஏனைய விலங்குகள் உண்டுதான் பெற வேண்டும்.

மலையோரத் தோப்புகளில் காணும் மாங்குயிலின் மஞ்சளும், மின்சிட்டின் செம்மஞ்சளும், தின்ற பழத்திலும் பூச்சியிலும் இருந்து வந்தவை. கோடியக்கரைக்கும் பழவேற்காட்டிற்கும் வரும் பூநாரையின் இளஞ்சிவப்பு, அது வடிகட்டி உண்ணும் பாசியிலிருந்தும் நீர்வாழ் சிற்றுயிர்களிலிருந்தும் வருகிறது. உயிர்க்காட்சிச் சாலைகளில் அவ்வுணவு கிடைக்காதபோது பூநாரைகள் வெளுத்துப் போவதைக் கண்ட பின்னரே இவ்வுண்மை தெளிவாயிற்று. தாய்ப்பறவையும் தந்தைப் பறவையும் குஞ்சுக்குத் தொண்டையில் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டுகின்றன. ஊட்ட ஊட்டப் பெற்றோரின் இறகு வெளிறுகிறது. தன் நிறத்தைக் கொடுத்துப் பிள்ளை வளர்த்தல் என்பது பூநாரையைப் பொறுத்தவரை அணி அன்று, நிகழ்ச்சி.

இறாலும் நண்டும் வெந்ததும் சிவப்பதன் காரணமும் இங்கே உண்டு. அவற்றின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாயல் காட்டிக்கொண்டிருக்கிறது. வெந்தால் புரதம் சிதைந்து, கட்டுண்ட சிவப்பு விடுபடுகிறது.

இவ்விதிக்குப் பெருமைமிக்க விலக்கு கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்யப்படுகிறது. அதன் அலகுக்கு மாதுளம்பூ. பச்சையத்தாலான உடல், ஆந்தோசயனினாலான அலகு: முற்றிலும் தாவர நிறங்களால் ஆன கிளி அது. தோப்பில் பறக்கும் கிளியோ தாவர நிறத்தைத் தன் இறகில் ஏற்பதே இல்லை. கிளியின் குருதியில் கரோட்டினாய்டுகள் இருந்தும் அவை இறகைச் சேர்வதில்லை என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கிளி இனத்திற்கே உரிய சிட்டகோஃபல்வின் என்னும் நிறமியை அது தானே ஆக்கிக்கொள்கிறது. ஆண்கிளியின் கழுத்து வளையத்துச் சிவப்பு அதனால் வந்தது. கிளிப்பச்சையிலும் பச்சை நிறமி இல்லை. மஞ்சள் நிறமியும், இறகின் நுண்ணமைப்பால் சிதறும் நீல ஒளியும் கூடிப் பச்சையாகத் தோற்றுகின்றன. ஒரே நொதியின் அளவு கூடக் குறையச் சிவப்பு மஞ்சளாவதையும் மஞ்சள் சிவப்பாவதையும் 2024-இல் வெளியான மரபியல் ஆய்வு விளக்கிற்று. சொன்னதைச் சொல்லும் என்று பெயர் வாங்கிய பறவை, நிறத்தில் மட்டும் எவரிடமும் கடன் வாங்குவதில்லை.

பாலூட்டிகளின் மயிர் நிறம் மற்றொரு வகை. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அக்காட்டுப் புலியின் செம்மஞ்சளும் அணிலின் பழுப்பும் மெலனின் என்னும் சொந்த நிறமியின் வகைகளே. இதற்கு எதிர்முனையில் நிற்பது இராஜபாளையம் நாய். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு நாயினங்களுள் அதுவும் ஒன்று. அதன் உடல் பால்வெண்மை, மூக்கு இளஞ்சிவப்பு. அம்மூக்கில் சிவப்பு நிறமி ஏதும் இல்லை; மெலனின் இல்லாமையால் உள்ளோடும் குருதி வெளியே தெரிகிறது.

பசுவும் எருமையும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர் ஆண்டாளுக்கு அடுத்துப் பால்கோவாவோடு சேர்ந்து வழங்குகிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பசும்பாலைக் காய்ச்சிக் கிண்டுகையில் பாலிலுள்ள இனிப்பும் புரதமும் வெப்பத்தால் வினைபுரிந்து பொன்பழுப்பு தோன்றுகிறது. அதற்கு முன்பே பசும்பாலுக்கு ஓர் இளமஞ்சள் உண்டு. பச்சைப் புல் தின்ற பசு, புல்லிலுள்ள பீட்டா கரோட்டினில் ஒரு பகுதியை மாற்றாமல் அப்படியே பால் கொழுப்பில் விடுகிறது. எருமை அவ்வாறன்று, கரோட்டினை நிறமற்ற உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றியே பாலில் சேர்க்கிறது. எனவேதான் எருமை வெண்ணெய் வெளுப்பு, பசுநெய் பொன்னிறம். பச்சைத் தீவனம் கிடைக்கும் மழைக்காலத்து நெய் மஞ்சளாகவும், வைக்கோல் தின்னும் கோடைக்கால நெய் வெளிறியும் இருப்பதைக் கிராமத்துப் பெண்கள் அறிவர்.

வெளுத்த எருமைப்பாலில் உயிர்ச்சத்து ஏ இல்லை என்று எண்ணுவது பிழை. நிறமே ஊட்டம் அன்று. முட்டையின் மஞ்சள் கருவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கருவின் மஞ்சள் பெரிதும் லூட்டினும் ஜியாசாந்தினும் ஆகும். கோழித் தீவனத்தில் மஞ்சள் சோளமோ செண்டுமல்லிச் சாறோ சேர்த்தால் கரு சிவந்து தோன்றும். இவ்விரண்டு நிறமிகளும் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதில்லை. ஆகவே கருவின் செறிந்த நிறம் கோழி தின்றதைச் சொல்லும். முட்டையின் உயிர்ச்சத்து ஏ அளவைச் சொல்லாது.

மாலைக்கண்

இவ்வளவும் அழகைப் பற்றிய செய்தி. இனி வருவது உயிரைப் பற்றியது.

1930-இல் இங்கிலாந்தின் தாமஸ் மூர், உண்ட கரோட்டின் எலியின் ஈரலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதைக் காட்டினார். 40 கரி அணுக்கள் கொண்ட பீட்டா கரோட்டின் நடுவில் பிளந்தால் 20 அணுக்கள் கொண்ட இரு துண்டுகள் கிடைக்கும். அத்துண்டே விழித்திரையில் ஒரு புரதத்தோடு சேர்ந்து ஒளியை ஏற்கும் பொருளாகிறது. 1933-இல் விழித்திரையில் உயிர்ச்சத்து ஏ இருப்பதைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு, கண்ணின் வேதியியலுக்காக 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அச்சத்துக் குறைந்தால் முதலில் மங்கிய ஒளியில் பார்வை குன்றும். மாலையில் மாடு திரும்பும் வேளையில் பிள்ளை வாசற்படி தெரியாமல் இடறும். இதனையே தமிழ் மாலைக்கண் என்றது. குறை நீடித்தால் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, பார்வை நிலையாக அழியும்.

இந்தியாவில் இதனைத் தடுக்க, குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெருமளவு உயிர்ச்சத்து ஏ வழங்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. பார்வையோடு உயிருக்கும் தொடர்பு உண்டு என்பதைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன்பணியாற்றியோரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் கண்டனர். சிறு அளவில் உயிர்ச்சத்து ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்ததாக 1990-இல் வெளியான அவ்வாய்வு அறிவித்தது. பிற இடங்களின் முடிவுகள் எல்லாம் இதனை ஒத்தில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வு மிகச் சிறிய பயனையே கண்டது. இன்று மாலைக்கண் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனினும் 2016 முதல் 2018 வரை நாடு தழுவி நடந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு இச்சத்துக் குறை இருப்பதைக் கண்டது.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், மருந்தளவை மட்டும் நம்பாமல் உணவின் வழியே இக்குறையை நீக்க வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தினார். அவர் முதன்மையாசிரியராக அமைந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில், 100 கிராம் முருங்கைக்கீரையின் கரோட்டின் 6,780 மைக்ரோகிராம். காரட்டின் கரோட்டின் 1,890 மைக்ரோகிராம். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் கிழங்கைவிடப் பச்சையாகத் தெரியும் கீரையில் அம்மஞ்சள் மும்மடங்குக்கும் மேல். முன்னர்ச் சொன்னவாறு பச்சைக்குள் மஞ்சள் மறைந்திருப்பதன் பயன் இது. பொன்னாங்கண்ணி என்ற பெயருக்குப் பொன் ஆகும் காண் நீ என்று மக்கள் பிரித்துப் பொருள் சொல்வது சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது போகலாம். கீரைக்குள் பொன் இருக்கிறது என்ற கருத்து மட்டும் பொருந்துகிறது.

இலையில் உள்ளது முழுவதும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. உணவிலுள்ள பீட்டா கரோட்டின் 12 பங்கு உண்டால் உயிர்ச்சத்து ஏ ஒரு பங்கு கிடைக்கும் என்பது 2001 முதல் வழங்கும் கணக்கு. எண்ணெயில் கரையும் பொருளாதலின் கொழுப்பு உடன் இருத்தல் வேண்டும். முருங்கைக்கீரையை எண்ணெயில் தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவி இறக்கும் வழக்கமும், பருப்பும் நெய்யும் சேர்த்துக் கீரையைக் குழந்தைக்குப் பிசைந்து ஊட்டும் வழக்கமும் பொருளுள்ளவை. வேலியில் முருங்கை நிற்கும் வீட்டிலேயே குழந்தைக்கு இக்குறை வருமாயின், அது கீரை இல்லாத குறை அன்று. கீரை குழந்தையின் தட்டுக்கு வராத குறை.

நிறமியையே மாத்திரையாக்கி உண்ணலாமே என்ற எண்ணத்திற்கும் விடை கிடைத்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. உணவில் நன்மை தருவது தனியே பிரித்து மிகுந்த அளவில் உண்ணும்போதும் நன்மையே தரும் என்று கொள்ளலாகாது.

பசலையும் காமாலையும்

பிரிவுத் துயரால் தலைவி மேனியில் படரும் நிறத்தைப் பசலை என்றும், அதனைப் பீர்க்கம்பூவின் மஞ்சளுக்கு ஒப்பாகவும் சங்கப் புலவர் பாடினர். மேனி மஞ்சளாவதற்கு மருத்துவம் இரு காரணங்களைப் பிரித்தறிகிறது. பப்பாளியோ காரட்டோ மிகுதியாக உண்டால் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும். விழியின் வெண்மை மாறாது. உணவைக் குறைத்தால் நீங்கும். மஞ்சள் காமாலையில் விழியும் மஞ்சளாகும். அது குருதியின் சிவப்பு சிதைந்து பிறக்கும் பிலிருபின் தேங்கியதால் வருவது. அடிபட்ட இடத்துக் கன்றல் சில நாளில் மஞ்சளாகி மறைவதும் இவ்வாறே. சிவப்பு அழிந்து மஞ்சளாதல் உடலுக்குள்ளும் நாள்தோறும் நிகழ்கிறது.

ஆலத்தியும் கலப்படமும்

மஞ்சள் கிழங்கின் குர்க்குமின் மேற்கூறிய எக்குடும்பத்தையும் சேர்ந்ததன்று. உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதும் அன்று. 1815-இல் ஐரோப்பியர் அதனைப் பிரித்தெடுத்தனர். அதன் இயல்பைத் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ஆலத்தி சிவக்கிறது. காரத்தன்மை மிகுந்தால் குர்க்குமின் செந்நிறம் கொள்ளும் என்பதே அதன் வேதியியல். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டே மரபான குங்குமமும் ஆக்கப்படுகிறது. ஒரு தட்டு நீரில் மஞ்சள் செம்மையாக மாறுவதை மங்கல நிகழ்ச்சியாகக் கொண்ட பண்பாடு இது.

இப்பண்பாட்டில் செந்நிறத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள மதிப்பே அதன் பகையும் ஆகியிருக்கிறது. நிறம் நன்றாக இருந்தால் பொருளும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை வணிகர் சிலர் பயன்படுத்துகின்றனர். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சளும் ஈயக் குரோமேட்டும், மிளகாய்த்தூளில் சூடான் சாயமும் கலக்கப்பட்டுப் பிடிபட்டதுண்டு. துணிக்குரிய ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அவ்வகைப் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது. அதனை விரும்பித் தின்றவர்கள் குழந்தைகள். பறவை சிவந்த கனியை நம்பி வருவதுபோல் குழந்தையும் சிவந்த நிறத்தை நம்பிக் கை நீட்டுகிறது. பழத்தின் சிவப்பு முதிர்ச்சிக்குச் சான்று. சாயத்தின் சிவப்பு எதற்கும் சான்றன்று.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

விழித்திரையின் நடுவே, கூரிய பார்வைக்குரிய இடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி உண்டு. அம்மஞ்சள் ஒரு சாந்தோஃபில் என்று 1945-இல் வால்டு கண்டார். இலையிலும் மஞ்சள் கருவிலும் உள்ள லூட்டினும் ஜியாசாந்தினுமே அங்கும் உள்ளன. கடும் நீல ஒளியை வடிகட்டி, இலையில் செய்த காவல் பணியைக் கண்ணிலும் செய்கின்றன. மனித உடலால் இவற்றை ஆக்க இயலாது. கோவைப்பழத்தைச் சிவப்பென்றும் கொன்றையைப் பொன்னென்றும் கண்டு சொல்லும் கண், தான் பார்க்கும் ஆற்றலையே கீரையிடமிருந்தும் கனியிடமிருந்தும் பெற்றிருக்கிறது.

ஆதலின் கவிஞர் பெருமக்கள் இரண்டு செயல்களைச் செய்தல் நன்று. ஒன்று, நிறச்சொற்களைப் பழக்கத்தால் ஆளாது, பொருளைக் கண்டு ஆளுதல். கோவைக் கொடியைப் பார்த்திராத தலைமுறைக்குக் கோவை இதழ் வெறும் ஓசையாகிவிடும். வேலியில் படரும் அக்கொடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் இலக்கியப் பணியே. மற்றொன்று, தாலாட்டிலும் சிறுவர் பாடலிலும் கீரைக்கும் மாம்பழத்துக்கும் பப்பாளிக்கும் இடம் தருதல். மருத்துவர் சொல்லித் தாய்மார் மறந்ததைப் பாட்டு மறக்காமல் வைத்திருக்கும். மாலையில் வாசற்படி தெரிகின்ற குழந்தைதான் நாளை கவிதையின் வாசகராகும்.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் விளக்கேற்றித் தமிழ் வளர்த்த மன்றம் மேலும் செழித்து ஓங்குக.